சந்தனம்மாளுக்கு வந்த தந்தி

காமயகவுண்டன்பட்டியில் நானும் சந்தனம்மாளும் அடுத்தடுத்த வீடு. எங்கள் கணவர்கள் வெள்ளைக்காரன் போருக்காகப் பர்மா போனார்கள். அவள் கணவர் சிப்பாய், என் கணவர் ரோடு போடும் கூலி. சிப்பாய் இறந்ததும் தந்தி வந்தது. கூலிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவள் தாலியைக் கழற்றினாள். தெருவே கூடி அழுதது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் விசும்பினாலே மாமியார், "ஏத்தா, உசுரோட இருக்கிறவனுக்கா ஒப்பாரி வைக்கிறே?" என்பார். என் கணவர் வரவே இல்லை. எண்பது வருடங்களாகப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சந்தனம்மாள் இறந்தாள். அவள் பேரன் மனைவி உமாதேவி, "நீங்க குடுத்து வச்சவுக ஆத்தா, பொட்டோட இருக்கீக" என்றாள்.

"அவதான் குடுத்து வச்சவ, தாயி" என்றேன்.

பிறகு சந்தனம்மாளின் காலடியில் உட்கார்ந்து, என் கணவருக்காக வாய்விட்டு அழுதேன். அவளுக்காக அழுவதாக நினைத்து எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.