பித்தளை என்று எழுதியிருந்தேன்

வரைபடத்தில் பித்தளை என்று இரண்டு இடத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்கு மேல் ஒருத்தி என்னதான் செய்வது?

என் ஆராய்ச்சி இதுதான். காந்தத்தின் திசையை மாற்ற வழக்கமாக மின்சாரம் ஓட வேண்டும். ஓடினால் சூடு, வீண் விரயம். பிஸ்மத்தும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடைத் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் படலமாகப் படியவைத்தால், மின்சாரம் ஓடாமல் வெறும் வோல்டேஜைக் கொடுத்தே காந்தத்தைத் திருப்பலாம். அதை நிரூபிக்கத்தான் நாலரை வருடமாக அல்லாடுகிறேன். படலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டரை, அந்த வரைபடத்தைப் பார்த்து, கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமி அண்ணன் செய்து கொடுத்தார்.

மார்ச் மாதம் காந்தம் திரும்பியது. ஐந்து வோல்ட் கொடுத்தால் திரையில் காந்தத்தின் திசையைக் காட்டும் கோடு மேலே போனது, இணைப்பை மாற்றினால் கீழே வந்தது. என் கைடு கிருபாசங்கர் சார் துறை முழுவதற்கும் லட்டு வாங்கினார். "நம்ம லேப்ல பண்ணிட்டோமுங்க" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். கட்டுரை ஜர்னலுக்குப் போனது. அது ஏற்கப்பட்டால்தான் நான் தீசிஸ் கொடுக்க முடியும். கெடு இந்த மாதக் கடைசி.

போன வாரம் ஜர்னலிலிருந்து ஒரு கேள்வி வந்தது: படலத்தின் வழியே மின்சாரம் கசிகிறதா? கசியக் கூடாது. அளந்தேன். இரண்டு மில்லி ஆம்பியர் கசிந்தது. படலத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி அதே அளவு மின்சாரத்தை ஓடவிட்டேன். படலமே இல்லாமல் கோடு அதேபோல மேலே போனது, கீழே வந்தது.

ஹோல்டரின் திருகில் ஒரு காந்தத்தை வைத்தேன். பசக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் ஒட்டாது.

வண்டியை எடுத்தேன். சத்தி ரோட்டு நெரிசலில் நின்று நின்று, திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். ஆறுச்சாமி அண்ணன் லேத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க அம்மணி. டீ சொல்லட்டுங்களா?"

இந்த ஊரில் யாரையும் நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது.

"பித்தளைன்னு எழுதியிருந்தேனுங்களேண்ணா. இதுல காந்தம் ஒட்டுதுங்க."

"அசல் ஸ்டீலுங்க அம்மணி. பித்தளைன்னா ரெண்டு வாட்டி முறுக்குனா திருகுல மரை தேஞ்சு போயிருமுங்க. படிக்கற புள்ளைக்கு எதுக்குச் சிரமம்னு நல்லதாப் பார்த்துப் போட்டுக் குடுத்துப்போட்டேன்."

விளக்கிச் சொன்னேன். படலத்துக்குப் போகும் ஒயர் ஆடாமல் நிற்கட்டும் என்று அந்தத் திருகில் எட்டுச் சுற்று சுற்றியது நான்தான். மின்சாரம் கசிந்ததும் திருகு காந்தமாகிவிட்டது. ஆணியில் கம்பி சுற்றி பேட்டரியில் இணைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்வதைத்தான் நாலரை வருடம் படித்து நான் செய்திருக்கிறேன்.

அவர் அந்தத் திருகை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மாட்டறதுக்கு முன்னால ஒரு காந்தத்த வெச்சுப் பார்க்கலீங்களா கண்ணு? இங்க எந்த ஸ்டீலு வந்தாலும் மொதல்ல அதத்தானுங்க பண்ணுவோம்" என்றார் தணிந்த குரலில்.

அவர் கேலி செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அங்கேயே உட்கார்ந்து திருகைப் பித்தளையில் கடைந்து வாங்கிவந்து, அதே படலத்தை மாட்டினேன். கோடு அசையவே இல்லை.

சார் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"கசியலைன்னு ஒரு வரி எழுதி அனுப்பிரு மௌனிகா. தீசிஸ் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"கசியுதுங்களே சார்."

"அளந்தது நீதானம்மா. தப்புன்னா நீயே உன் பேர்ல எழுதிக்கோ."

ஜர்னலுக்கு என் பேரில் எழுதினேன்: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். காந்தம் படலத்தில் இல்லை, திருகில் இருந்தது. அனுப்பிவிட்டு அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. பிறகு கெடுவை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பினேன். கீழே கைடு கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

அவர் அறை வாசலில் நாற்பது நிமிடமாக நிற்கிறேன். உள்ளே ஃபேன் ஓடுகிறது, நாற்காலி நகர்கிறது. மூன்று முறை தட்டியாயிற்று. கதவைத்தான் திறக்கமாட்டேன் என்கிறார்.