எண் ஒட்டிய பை

பை வாங்கப் போகலாம் என்று அவன் சொன்னதும் மச்சான் கையிலிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எந்தக் கடை, யார் சொன்னது, இப்போது ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேசைக்கடியில் இருந்த பழைய பையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவனுக்கு முன்னால் படியிறங்கினார்.

மச்சான் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் புகைப்படக்காரர். அவன் அதே அலுவலகத்தில் ஸ்டோர் பார்க்கிறவன். அவர் மனைவியின் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே மச்சான்தான். புதுப் பை வேண்டும் என்று அவர் கேட்க ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பழைய பையின் ஜிப் போய், வாயை ஊக்கு குத்தி மூடியிருந்தார். தோள் வாரைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்திருந்தார். உள்ளே தடுப்புகள் நைந்துபோனதால் லென்சுகளை அக்காவின் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார். வார் நழுவிவிடாமல் இருக்க வலது தோளை அடிக்கடி ஒரு தூக்குத் தூக்குவார். பை இல்லாமல் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும் அந்தத் தோள் எழும்பி இறங்கும்.

முந்தின நாள் மேனேஜர் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"படம் எடுக்கறதுக்குத் தனியா ஒரு ஆள் இனிமே வேண்டாம்னு முடிவாயிடுச்சு. எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொல்லப் போறோம். வெறுங்கையோட அனுப்பினா நல்லா இருக்காது. பை பைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரில்ல, ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம். நீ கூட்டிக்கிட்டுப் போ, அவரே பாத்து எடுக்கட்டும்."

"முன்னாடியே சொல்லிட்டா நல்லதில்லையா சார்?"

"சொன்னா நாலு பேரைச் சேத்துக்கிட்டு வந்து நிப்பாரு. உனக்குச் சொந்தம்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி விஷயம் வெளிய போச்சுன்னா உன் வாயிலேர்ந்து போச்சுன்னுதான் எடுத்துக்குவேன். ஸ்டோருக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளுன்னு மேல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

அவன் தலையாட்டினான். கதவைத் திறக்கப் போனவனை மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "அன்பளிப்பு அது. நம்பர் கிம்பர் ஒட்டி வைக்காதே."

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அலுவலகத்துக்கு என்று வாங்கிய எதையும் எண் ஒட்டாமல் அவன் கடை வாசலைத் தாண்டவிட்டதில்லை. வேலைக்கு வந்த புதிதில், வாங்கி வந்த ஃபேன் ஒன்று வழியிலேயே யார் வீட்டுக்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் சுருள் அவன் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ஸ்டிக்கர்தான்.

கேமராக் கடையில் கூட்டமில்லை. கடைக்காரம்மா கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் பழைய பையின் ஊக்கைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினார். இரண்டு கேமரா, நீள லென்ஸ், குட்டை லென்ஸ், ஃபிளாஷ், சார்ஜர், பேட்டரிகள்.

"பை வாங்க வந்தீங்களா, கடை போட வந்தீங்களா?" என்றார் கடைக்காரம்மா.

"பெண்ணைக் கூட்டிக்கிட்டு வராம வளையல் வாங்க முடியுமா? அளவு பாக்கணுமில்ல."

கடைக்காரம்மா குனிந்து பார்த்தார். "எல்லாத்துலயும் நம்பர் ஒட்டியிருக்கே."

"எல்லாம் இந்த மாப்ளயோட வேலை. என் கல்யாணத்தப்ப இவன் சின்னப் பையன், தப்பிச்சேன். இப்பயா இருந்தா இவங்க அக்கா நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டித்தான் என்கூட அனுப்பியிருப்பான். திருப்பி ஒப்படைக்கும்போது கையெழுத்து வேற கேப்பான்."

கடைக்காரம்மா சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான்.

முதலில் வந்தது முதுகில் மாட்டுகிற பை. மச்சான் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி மாட்டிக்கொண்டு கடையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக் காட்டினார். "சொகமாத்தான் இருக்கு. ஆனா லென்ஸ் மாத்தணும்னா கழட்டி, கீழ வெச்சு, குத்த வெச்சு உக்காரணும். அதுக்குள்ள மந்திரி காரேறிப் போயிடுவாரு." அடுத்தது சக்கரம் வைத்த பெட்டி. அதை அவர் தொடவேயில்லை. "இது விமானம் ஏறுறவங்களுக்கும்மா. நான் மொட்டை மாடி ஏறுறவன்."

மூன்றாவது ஒரு பக்கமாகத் தோளில் தொங்கும் பை. பளபளப்பு இல்லாத சாம்பல் நிறம். வெளியே பார்த்தால் யாரோ கணக்குப் புத்தகம் எடுத்துப் போகிற பை என்றுதான் தோன்றும். மச்சான் முகம் மாறியது. கூட்டத்தில் அடிதடி என்றால் முதலில் கேமராப் பையைத்தான் பிடித்து இழுப்பார்கள் என்றும், இது கேமராப் பை என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது என்றும் சொல்லிக்கொண்டே தடுப்புகளைப் பிய்த்துப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டினார். நீள லென்சுக்கு ஓரத்தில் ஓர் அறை. ஃபிளாஷுக்கு அதன் பக்கத்தில். குட்டை லென்ஸ் கை போனவுடன் கிடைக்கிற மாதிரி மேலே.

பிறகு பையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "சொல்லு மாப்ள."

"என்ன சொல்லணும்?"

"ஏதாவது ஒண்ணு கேளு."

"ஃபிளாஷ்."

கை உள்ளே போய் ஃபிளாஷோடு வெளியே வந்தது. நீள லென்ஸ் என்றான். வந்தது. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றிலும் அவன் ஒட்டிய எண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவை எல்லாம் தன் ஸ்டோர் மேசைக்குத் திரும்பி வரப் போகின்றன என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த அறைகளில் மச்சான் எதை வைத்துக்கொள்வார்?

"மச்சான், தடுப்பெல்லாம் இல்லாம பொதுவா ஒண்ணு பாருங்களேன். வேற எதுக்காவது ஆகும்."

"வேற எதுக்கு? உங்க அக்கா பின்னாடி மார்க்கெட்டுக்குப் போறதுக்கா?"

கடைக்காரம்மா மறுபடி சிரித்தார். அவனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதுவும் வீணாகிவிட்டது.

மச்சான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுக் காலிப் பையைத் தரையில் வைத்தார். அது சாயாமல் நின்றது. "பாத்தியா. உள்ள ஒண்ணும் இல்லாதப்பவும் நிக்கணும். அதுதான் பை." மறுபடியும் எல்லாவற்றையும் அடுக்கத் தொடங்கினார். அடுக்கிக்கொண்டே, கடைக்காரம்மா பில் போட உள்ளே போன நேரம் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"உன்கிட்ட சொல்லல. ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. பாஸ்போர்ட் படம், குழந்தைங்க படம். நின்ன இடத்துல வேலை. இன்னைக்குள்ள பதில் சொல்லணும், இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குவேன்னுட்டாரு. உங்க அக்கா போங்கங்கறா. ஆபீஸ்ல வேற என்னென்னமோ பேசிக்கிறாங்க, ஃபோட்டோ செக்‌ஷனை மூடப் போறாங்கன்னு. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. காலையில நீ வந்து பை வாங்கப் போலாம்ன பாரு, அப்பத்தான் வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. வெளிய தள்ளப் போறவனுக்கு யாராவது புதுப் பை வாங்குவாங்களா?"

அவன் மேசைமேல் தெரிந்த தன் விரல் ரேகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, பேச்சையே காணோம்."

"என்னத்தச் சொல்றது மச்சான். நல்ல பைதான்."

பில் வந்தது. மச்சான் பையின் மேல்மூடியைத் திருப்பிப் பிடித்து, உள்பக்கம் ஓரிடத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். "ம். ஒட்டு."

"ஆபீஸ்ல போய் ஒட்டிக்கலாம்."

மச்சான் மூடியைப் பிடித்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தார். முதலில் வேடிக்கைதான் அந்தப் பார்வையில் இருந்தது. "நீயா? துடைப்பம் வாங்கினாக்கூட கடையிலயே ஒட்டுற ஆளு." பிறகு வேடிக்கை மெல்ல வடிந்தது. "சுருள் கொண்டாரலையா?"

சுருள் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"மாப்ள," என்றார் மச்சான். "இது ஆபீஸ் பைதானே?"

அவன் வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுருளை எடுக்காமல் நின்றிருந்தால் போதும். மச்சான் புரிந்துகொண்டிருப்பார், அங்கேயே ஸ்டூடியோக்காரருக்கு ஃபோன் போட்டு வருகிறேன் என்று சொல்லியிருப்பார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று மேனேஜரிடம் சத்தியம்கூடச் செய்திருக்கலாம். ஆனால் ஸ்டோருக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு என்ற குரல் அவன் காதுக்குள்ளேயே நின்றது. பள்ளிக்கூடம் போகிற தன் மகள் நினைவுக்கு வந்தாள். மச்சானுக்கும் ஒரு மகள் உண்டு என்பது அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வரவில்லை.

"ஆபீஸ் பை இல்லாம பின்ன?" என்று சொல்லிவிட்டுச் சுருளை எடுத்தான். அடுத்த எண்ணைக் கிழித்து, மச்சான் துடைத்துக் காட்டிய இடத்தில் ஒட்டினான். காற்றுக் குமிழி இல்லாமல், எப்போதும் போல, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்தான்.

"பயமுறுத்திட்டியேடா," என்றார் மச்சான்.

கடை வாசலில் நின்றபடியே ஸ்டூடியோக்காரருக்கு ஃபோன் போட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன். ஆமா. புதுப் பையெல்லாம் வாங்கிக் குடுத்திருக்காங்க, விட்டுட்டு வர மனசில்ல. நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க." பேசி முடித்து, புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழையதைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார். "குப்பையில போட்டுடு."

மச்சான் பையை அப்போதே எடுத்துக்கொண்டு போய்விட்டதை மேனேஜரிடம் சொன்னான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மீட்டிங்குக்கு அதோடதானே வருவாரு. அங்க குடுத்ததா சொல்லிக்கலாம்." ஸ்டிக்கரைப் பற்றி அவன் சொல்லவில்லை.

அக்கா ஃபோன் செய்தாள். "உங்க மச்சான் அந்தப் பையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான்டா படுக்கறாரு. எனக்குச் சக்களத்தியைக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் நீயே பாத்துக் குடுத்திருக்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிட வா. நீ நல்லா இருக்கணும்." அவன் வருகிறேன் என்றான்.

வியாழக்கிழமை அவன் அந்த ஸ்டூடியோவைத் தேடிக்கொண்டு போனான். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் புதிதாக ஒருத்தர் கேமராவுக்குப் பின்னால் நின்று, அழுகிற குழந்தைக்கு முன்னால் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் கதவைத் தொடாமல் திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் நன்றாகவே பேசினார். காலம் மாறுகிறது என்றார். மச்சானின் சேவையை நிறுவனம் மறக்காது என்றார். மச்சான் முன்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் யாரைப் பற்றிய பேச்சு என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு மேனேஜர் சொன்னார்: "அவர் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த அந்தப் பை நிறுவனத்தின் அன்பளிப்பு. உள்ளே இருக்கிற நிறுவனப் பொருட்களை மட்டும் சாயங்காலத்துக்குள் ஸ்டோரில் ஒப்படைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்." எல்லோரும் கை தட்டினார்கள். மச்சான் பையின் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். மூடிவிட்டு, தலையைத் திருப்பி வரிசை வரிசையாகத் தேடினார். அவன் கதவோரம் நின்றிருந்தான். கண்கள் சந்தித்தபோது அவன்தான் முதலில் குனிந்தான்.

சாயங்காலம் மச்சான் ஸ்டோருக்கு வந்தார். மேசைமேல் பையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"படி."

அவன் எண்ணைப் படித்தான். ஒவ்வொரு பொருளுக்கும் அதையேதான் சொன்னார்: படி. சத்தம் போடவில்லை. சார்ஜர் வரைக்கும் முடிந்ததும் காலிப் பையை அவன் பக்கம் தள்ளினார்.

"அது உங்களுக்குக் குடுத்தது மச்சான்."

"எனக்குக் குடுத்ததுல எதுக்கு நம்பர்?"

"பிச்சு எடுத்துடறேன்."

"தொடாதே." மூடியைத் திருப்பிக் காட்டினார், கடையில் காட்டியது போலவே. "ஆபீஸ் பைன்னு நீதானே சொன்னே. படி மாப்ள."

அவன் படித்தான். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டான். மச்சான் காத்திருந்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்து முடித்தான்.

"ஸ்டூடியோ விஷயம் தெரிஞ்சும் ஒட்டினியே," என்றார். "அதத்தான் நான் நாள் பூரா நெனச்சுப் பாக்கறேன். சொல்லியிருக்க வேணாம். ஒட்டாம இருந்திருக்கலாம்."

"மேனேஜர் என்னையும் தூக்கிடுவேன்னாரு மச்சான்."

"தூக்கியிருப்பாரு." அதை ஒப்புக்கொள்கிறவர் போலத் தலையாட்டினார். "இன்னைக்குச் சாப்பிட வராதே. வேலை போனதை உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ ஒட்டினதை மட்டும் சொல்லல. அவளுக்கு இருக்கறது ஒரே தம்பி."

வெறுங்கையோடு போனார். வாசல்வரை போவதற்குள் அவருடைய வலது தோள் இரண்டு தடவை எழும்பி இறங்கியது.

திங்கட்கிழமை பழைய கேமரா வாங்குகிற வியாபாரி வந்தார். மேசைமேல் இருந்ததையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேனேஜர் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டார். எடுத்துப் போக ஏதாவது பை கிடைக்குமா என்று கேட்டார்.

அலமாரியில் சாம்பல் நிறப் பை சாயாமல் நின்றிருந்தது. அவன் அதை இறக்கினான். தடுப்புகள் மச்சான் ஒட்டியபடியே இருந்தன. நீள லென்ஸ் ஓரத்தில். பக்கத்தில் ஃபிளாஷ். குட்டை லென்ஸ் மேலே. எது எங்கே என்று அவன் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பரவால்லியே," என்றார் வியாபாரி. "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."