உதட்டிலிருந்து கண்ணுக்கு

நகைப்பட்டறையில் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். கடுகளவு கல்லானாலும் அதிலுள்ள கீறலை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். கல் பதிப்பதில் அவரை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. அந்தக் கர்வம் அவருக்கும் உண்டு. இருக்காதா பின்னே?

காய்ச்சல் விட்ட கையோடு உதட்டோரம் கொப்புளம் கிளம்பியது. சூடுதான் என்று தானே தீர்ப்பு எழுதி, டூத்பேஸ்ட்டை அப்பிக்கொண்டார். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம், கேட்டுக்கொள்ளுங்கள்! பொருக்குத் தட்டியதும் நகத்தால் பிய்த்தார். மறுபடி கசிந்தது.

"அந்தக் கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? டாக்டரப் பாத்தா குடியா முழுகிடும்?" என்றாள் மனைவி.

"உதட்டுப் புண்ணுக்கெல்லாம் டாக்டரா? ஊரே சிரிக்கும், போடி."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கல்லைப் பெரிதாகக் காட்ட, வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலை பார்க்கும் சின்ன லென்ஸ் ஒன்று வைத்திருந்தார். அடுத்த கல்லைத் தேடும்போது அதைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொள்வார். கல் கிடைத்ததும் அப்படியே கண்ணுக்குப் போகும். மேஜையில் வைத்தால் தூசி ஒட்டுமே! பட்டறையில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். கொப்புளம் கசிந்துகொண்டிருந்தபோதும் அவர் அதை விடவில்லை.

வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. அன்று பார்த்து வந்து சேர்ந்தான் மச்சான், மனைவியின் தம்பி. மருந்துக்கடையில் பில் போடுகிறவன். பில் போட்டுப் போட்டே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு அவனுக்கு. அவனுடைய மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சொட்டு மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இதப் போடுங்க மாமா. செவப்பு பறந்துடும். கண் டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் பொழப்பு கெட்டுப்போகும்."

சிவப்பு பறக்கத்தான் செய்தது. கொடுமையே அதுதான். "பாத்தியா உன் தம்பிய!" என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பாட்டில் தீரும்போது எதிரே நின்ற மனைவியின் முகத்தைப் புகை மூடியிருந்தது. அப்புறம்தான் கண் டாக்டர்.

"உதட்டுல கொப்புளம் வந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினார். விரல் தானாக உதட்டோரத்தைத் தடவியது.

"அந்தக் கிருமிதான் கண்ணுக்கு வந்திருக்கு. அப்பவே வந்திருந்தா மருந்துல அடக்கியிருக்கலாம். நீங்க ஊத்துனது ஸ்டீராய்டு. அது செவப்ப மறைச்சுட்டு, கிருமிய நல்லா வளர விட்டுருக்கு. கருவிழியில தழும்பு விழுந்துடுச்சு."

"வேற லென்ஸ் போட்டா வேலை பாக்கலாம்ல, டாக்டர்?"

"மருந்து எழுதறேன். தழும்பு போகாது. நுணுக்கமான வேலைக்கு இந்தக் கண்ண நம்பாதீங்க."

இடது கண்ணால் முயன்றார். இத்தனை வருஷம் வலது கண்ணோடு பழகிய கை, இதோடு ஒத்துப்போக மாட்டேன் என்றது. உளி வழுக்கி ஒரு கல் தெறித்தது. இன்னொன்றும் தெறித்தது. முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது ஆறியிருக்கும். "கொஞ்ச நாளைக்கு, முன்பக்கம் நம்ம நகைக்கடையில இருங்கண்ணே, வர்றவங்களுக்குக் கதவு தெறந்து விடுங்க," என்றார் தணிந்த குரலில். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று இவரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் வேண்டாமா?

அதற்குப் பிறகு வீட்டுப் பக்கமே தலைகாட்டாத மச்சான், ஒருநாள் பெண்டாட்டியோடு கடைக்கு வந்தான். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் ஒரு கணம் முழித்தான். உடனே சமாளித்துக்கொண்டான், கெட்டிக்காரன்.

"கண்ணு எப்படி இருக்கு மாமா? நான் நல்லதுக்குத்தானே குடுத்தேன். எல்லாம் நம்ம நேரம்."

யாருடைய நேரமடா, பாவி! என்று வாய்வரை வந்தது.

"இவளுக்கு ஒரு மோதிரம் செய்யணும்," என்றான் மச்சான், குரலைத் தாழ்த்தி. "உள்ள இப்போ கல்லு பதிக்கறதுல யாரு கெட்டி? உங்களுக்குத் தெரியாததா? நல்ல ஆளா ஒருத்தரச் சொல்லுங்க."

அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உள்ள போ," என்றார். "ஏசி வெளிய போகுது."