பன்னிரண்டு மணிக்குள் ஒரு பாறை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செஞ்சியில் ஒரு பள்ளியின் ஆண்டுமலருக்காக, இரும்பும் ஏரும் நெம்புகோலும் பண்டைய மனிதர்களை எப்படி மாற்றின என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஒரு வாரமாக முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், துருத்தியை மிதித்துக்கொண்டிருந்த அவன்...

எவன்? அவன் என்ன சாப்பிட்டான், யாரோடு பேசாமல் இருந்தான் என்று தெரியாமல் ஒருவனை எப்படி எழுதுவது? அடித்தேன்.

அவலூர்பேட்டைப் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளுக்கு முழங்கை வரை காய்ந்த சேறு. மடியில் துணிப்பை. பெயர் வளர்மதி.

"இன்னா மேடம், எழுதி எழுதி அடிக்கிறீங்க?"

சொன்னேன்.

"இரும்பு பத்தியா? அப்ப எங்க கதைய எழுதுங்க. இன்னைக்கு காலைல நடந்தது."

2

வளர்மதிக்கு மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர். நெல் பால் பிடிக்கும் நேரம். ஏரித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் அவளுக்கு. அன்று ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவள் முறை. ஒன்பதரை ஆகியும் தண்ணீரைக் காணோம். கால்வாயோடு நடந்து போய்ப் பார்த்தாள். முந்தின நாள் மலைமேல் மட்டும் பெய்த மழையில் உருண்ட பாறை ஒன்று, சரியாக அவள் வயலுக்குத் திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருந்தது. தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

[இங்கே செஞ்சி மலைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். வளர்மதி அந்த நேரத்தில் மலையைப் பார்க்கவில்லை.]

ஜேசிபி கூப்பிட்டால் அது பால் பிடித்த நெல்லை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும். புருஷன் லாரியோடு ஆந்திராவில் இருந்தான். கடப்பாரையைப் பாறைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். கடப்பாரைதான் மண்ணுக்குள் இறங்கியது. மறுபடி நெம்பினாள். மணி பத்தரை.

வரப்புக்கு அந்தப் பக்கம் ரஞ்சனி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்மதியின் கொழுந்தன் மனைவி. ஒரு சாண் வரப்பை யார் வெட்டியது என்ற சண்டையில் இருவரும் பேசி மூன்று வருஷம்.

ரஞ்சனியின் மனம் மெல்ல இளகியது. அவள் கண்களில்...

இல்லை. வளர்மதி சொன்னபடியே எழுதிவிடுகிறேன். மனமெல்லாம் இளகவில்லை. அந்த வேலையைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

"மண்ணு மேல வெச்சு நெம்புனா எப்டிக்கா நகரும்? அடியில ஒரு கல்லு வை!"

வளர்மதி திரும்பாமலே சொன்னாள்: "வந்து வெச்சுட்டுதான் போயேன்."

3

(கட்டுரைக்காக எழுதியது; இங்கே ஒட்டவைக்கிறேன். இரும்புக் கோடரி வந்த பிறகு காடு வேகமாக வயலானது. ஆனால் தனி ஆளாக இரும்பு உருக்க முடியாது. கரி சுட ஒருவர், கனிமக்கல் சுமக்க ஒருவர், துருத்திக்கு மாற்றி மாற்றி இருவர். பிடிக்காதவர்களும் பக்கத்தில் நின்றுதான் ஆகவேண்டும். வயல் பெருகியதும் தண்ணீருக்கு முறை வைத்திருப்பார்கள். முறை வைத்ததும் சண்டை வந்திருக்கும்.)

ரஞ்சனி வந்து கல்லை முட்டுக்கொடுத்தாள். கடப்பாரை குட்டை என்றாள். அவள் கிணற்று மோட்டார் எரிந்தபோது கழற்றிப்போட்ட இரும்புப் பைப் ஒன்று வயலில் கிடந்தது. அதை இழுத்துவந்து கடப்பாரையின் நுனியில் மாட்டினாள். இருவரும் பைப்பின் கடைசியில் போய் நின்றார்கள்.

"பாரம் குடுத்து அழுத்துக்கா. தொங்காத!"

"நான் அழுத்தினுதான் இருக்கறேன். நீ வாய மூடிக்கினு அழுத்து!"

பாறை ஒரு விரல் அளவு எழும்பியது. இன்னொரு விரல். பிறகு சட்டென்று புரண்டு ஓரத்துக்குப் போனது. பைப் நழுவ, இருவரும் சேற்றில் விழுந்தார்கள். தண்ணீர் அவர்கள் மேலேறி வயலுக்கு ஓடியது. முதலில் சிரித்தது ரஞ்சனி. மணி பதினொன்று.

பாறை கிளறிப்போட்ட பள்ளத்தில் கறுத்த கட்டிகள் கிடந்தன; நடுவில் கையகலத்துக்குத் துருவேறிய ஓர் இரும்புத் தகடு.

4

துணிப்பையைத் திறந்து காட்டினாள். அந்தக் கட்டிகள் இரும்பு உருக்கியபின் மிஞ்சும் கசடு போலத் தெரிந்தன. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"ரொம்பப் பழசா இருக்குமா, மேடம்? ரஞ்சனி இது எவனோ ஒடச்சுப் போட்ட மம்முட்டின்னு சொல்றா."

எனக்குத் தெரியவில்லை. மூவாயிரம் வருஷமா, முப்பது வருஷமா? தெரிந்ததுபோல் எழுதினால் பொய். செஞ்சியில் யாரிடம் காட்டலாம் என்று மட்டும் சொன்னேன். ஆகவே, அருங்காட்சியகத்தில் முடியும் முதல் முடிவை அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். வாசித்துக் காட்டியதும் வளர்மதி கையை உதறினாள்.

"ஐய, அப்டிலாம் எழுதாதீங்க. வரப்பு விஷயத்துல அவ இன்னும் எறங்கி வரல."

5

நடந்தது இது. மலையில் பெய்த மழைக்குத் தண்ணீர் வேகமாக வந்ததில், பதினொன்றே முக்காலுக்கே வளர்மதியின் வயல் நிறைந்துவிட்டது. அவள் முறையில் இன்னும் கால் மணி நேரம் பாக்கி. ரஞ்சனியின் வயல் வெடித்துக் கிடந்தது. வளர்மதி மம்முட்டியை எடுத்து, மூன்று வருஷமாகச் சண்டைக்குக் காரணமான அதே வரப்பை ஓரிடத்தில் வெட்டிவிட்டாள். தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது.

ரஞ்சனி தன் மம்முட்டியோடு ஓடிவந்தாள்.

"யாரக் கேட்டு வரப்ப வெட்டுன?"

மம்முட்டியை ஓங்கினாள்.

இங்கே நிறுத்துகிறேன். பிறகு என்ன ஆயிற்று என்று இறங்கும்போது வளர்மதி சொன்னாள்; சொல்லிவிட்டுப் படியிலேயே நின்று சிரித்தாள். நான் சொல்லமாட்டேன். அந்த மம்முட்டி இறங்கி, வரப்பில் வெட்டிய இடத்தை அடைக்குமா, அகலமாக்குமா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். ரஞ்சனிக்குக் கை வலிக்கும்.