வல்லியம்மையின் வண்டிக்கு ஓர் அச்சு

பெற்றோல் இல்லாமல் நாடு நின்றுபோயிருந்த வருடம் அது. ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, பத்து மாதம் நிறையும் முன்னரே றஹீமாவுக்கு வயிற்று நோ தொடங்கியது. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து உண்டான முதல் பிள்ளை. அவளுடைய கணவன் நஸீர் கல்முனைக்குடியில் வீட்டோடு சேர்த்து லேத் பட்டறை வைத்திருந்தான். உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு அச்சும், கரைவலை மீனவரின் இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்களும் கடைந்து கொடுப்பவன். அடுத்த வீட்டு நிப்றாஸ் இந்த நாளுக்கென்றே தன் ஓட்டோவில் கொஞ்சம் பெற்றோலை மிச்சம் பிடித்து வைத்திருந்தான். சந்தையைத் தாண்டியதும் அது தீர்ந்தது. அங்கே பெற்றோல் ஷெட் வரிசையில் நின்ற வாகனங்களும் வெறும் தாங்கியோடுதான் நின்றன. றஹீமாவை உள்ளே வைத்தபடி இருவரும் ஓட்டோவை ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவளை மயக்கி அறுவை செய்தார்கள். ஆண் பிள்ளை, உயிரில்லை. நேரத்தோடு வந்திருந்தாலும் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நஸீரின் காதில் 'நேரத்தோடு' என்ற சொல் மட்டுமே தங்கியது. அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளையைக் கபனிட்டு மையவாடியில் அடக்கினார்கள். றஹீமாவுக்கு நினைவு தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இருவரும் அரிசியைப் பற்றிக் கதைத்தார்கள், கேஸ் சிலிண்டரைப் பற்றிக் கதைத்தார்கள், மருந்தைப் பற்றிக் கதைத்தார்கள். பிள்ளையைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. நஸீர் பட்டறையைத் திறக்கவேயில்லை. வந்தவர்களிடம் கரண்ட் இல்லை என்று சொல்லி அனுப்பினான். அது பாதி உண்மைதான். கரண்ட் இருந்த வேளைகளிலும் அவன் கதவைத் திறக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பெரியநீலாவணையிலிருந்து இராசதுரை வந்தார். அறுபதைத் தாண்டிய கரைவலைக்காரர். சைக்கிளின் பின்னால் உரச்சாக்கில் சுற்றி ஓர் இரும்பைக் கட்டியிருந்தார். அவிழ்த்துக் காட்டினார். குதிரை வண்டியின் அச்சு; ஒரு முனை சில்லுக்குப் பக்கத்தில் முறிந்திருந்தது.

அவருடைய மனைவி வல்லியம்மைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு தடவை கல்முனைக்கு வந்து இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஓட்டோக்கள் நின்றுபோனதிலிருந்து சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். போன தடவை திரும்பும்போது பாண்டிருப்பில் அவள் மயங்கிச் சரிந்து விழுந்துவிட்டாள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வண்டி வாடகைக்கு விடும் மண்டபக்காரர் ஒருவர், இப்போது ஊர்வலமும் இல்லை, குதிரைக்குத் தீனி போடவும் வழியில்லை என்று, குதிரையையும் உடைந்து கிடந்த வண்டியையும் இவரிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார். அச்சு ஒன்று இருந்தால் வண்டி ஓடும்.

நஸீர் முறிந்த முகத்தைப் பார்த்தான். பாதி கறுத்துத் துருவேறியிருந்தது, மீதி பளபளத்தது. வெடிப்பு நெடுநாளாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது, கடைசியில்தான் இற்றிருக்கிறது. அது தொடங்கிய இடமும் தெரிந்தது. பேரிங் வந்து உட்காரும் படியைக் கடைந்தவன் மூலையைக் கூராக வெட்டி விட்டிருக்கிறான்.

தன்னால் இப்போது ஏலாது என்று சொன்னான். இரும்பும் இல்லை, கரண்டும் இல்லை என்றான். இராசதுரை வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

"இது பாரமாக் கிடக்கு, தம்பி. இஞ்சயே கிடக்கட்டும். பிறகு வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகல் சோறு போடும்போது றஹீமா, வந்தவர் யார் என்று கேட்டாள். திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது நஸீருக்குத் தெரியும். ஆனாலும் சொன்னான்.

"செஞ்சி குடுங்களன்" என்றாள் அவள்.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நமக்கு அண்டைக்கு ஆரு வந்த?"

"ஒருத்தரும் வரல்ல. அதாலதான் சொல்றன்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவன், பட்டறைக் கதவைத் திறந்தான்.

மூலையில் பழைய லொறி அச்சு ஒன்று கிடந்தது. நல்ல உருக்கு. அதை வாளால் அறுத்து லேத்தில் பூட்டினான். கரண்ட் எந்த நேரம் வரும் என்று அறிவிப்பார்கள். எந்த நேரம் போகும் என்பதை நம்ப முடியாது. முதல் முனையைக் கடைந்து முடிக்கப்போகும் நேரத்தில் சட்டென்று நின்றது. சுழன்றுகொண்டிருந்த இரும்பு வேகம் குறைந்து நிற்பதற்குள் வெட்டும் உளி உள்ளே கடித்துவிட்டது. விரல் நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் ஒரு கீறல். பேரிங்கைப் போட்டால் மறைந்துவிடும். இராசதுரைக்கும் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. நஸீர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த முனை முழுவதையும் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். லொறி அச்சு நீளமாக இருந்ததால் இன்னும் ஒரு தடவைக்கு இடம் இருந்தது.

இந்தத் தடவை படியின் மூலையைக் கூராக விடாமல் கிண்ணத்தின் உட்புறம்போல வளைத்து இறக்கினான். இரண்டு முனையும் அளவுக்கு வந்தன. பேரிங் இருக்கும் இடத்தை இன்னும் மயிரளவு தேய்க்க வேண்டியிருந்த நேரத்தில் மறுபடியும் கரண்ட் போனது. மறுநாள் காலை வல்லியம்மை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டியிருந்தது.

றஹீமா பட்டறைக்குள் வந்தாள். அறுவைக் காயம் ஆறியும் ஆறாமலும் இருந்த நாட்கள் அவை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

"கையால சுத்தேலாதா?" என்று கேட்டாள்.

சுற்றலாம். கியரை விடுவித்தால், இரும்பைப் பிடித்திருக்கும் 'சக்கு' என்ற பிடியைக் கையாலேயே சுழற்ற முடியும். ஆனால் ஒருவர் சுழற்ற, மற்றவர் அரத்தாளைச் சுற்றிப் பிடித்துத் தேய்க்க வேண்டும். அவன் அவளுக்கு ஸ்டூலைப் போட்டான். பாரமில்லாமல் சுற்றும்படி தண்டுக்கு எண்ணெய் விட்டான். அவள் மெதுவாகச் சுழற்றினாள். அவன் அரத்தாளின் இரு நுனியையும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். தாள் உரசும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"முகம் எப்படி இரிந்த?" என்று அவள் கேட்டாள்.

அவன் நிமிரவில்லை. அவளும் சுழற்றுவதை நிறுத்தவில்லை.

"உங்கட முகம்தான்" என்றான். "நாடியில குழி. முடி நிறைய இரிந்த. குளிப்பாட்டக்குள்ள தலையில ஒட்டிக்கிட்டு..." அரத்தாளை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "கண்ண மூடித்தான் இரிந்த. நித்திரை மாதிரி" என்றான்.

"பேர் வெச்சீங்களா?"

"ஓம். பஹ்மி."

அது அவள் விரும்பிய பெயர். அவன் தன் வாப்பாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளை வயிற்றில் இருந்த காலமெல்லாம் அவளோடு வாதாடியிருந்தான்.

சக்கு நின்றது. அவள் இரு கையாலும் அந்தக் குளிர்ந்த இரும்பைப் பிடித்தபடி, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள். நஸீர் எண்ணெய்க் கையோடு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தான். அவளைத் தொட்டால் உடுப்பில் கறை படும் என்று முதலில் தயங்கினான். பிறகு தொட்டான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிடிங்க" என்றாள். மறுபடியும் சுழற்றத் தொடங்கினாள். வெளிச்சம் குறையும் முன்னர் பேரிங் கையழுத்தத்துக்கே அச்சில் வழுக்கி ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்ததும் நஸீர் நிப்றாஸையும் கூட்டிக்கொண்டு, அச்சைச் சைக்கிளில் கட்டிப் பெரியநீலாவணைக்குப் போனான். மண்டபக்காரர் பூசியிருந்த வெள்ளிப் பூச்சு உரிந்து, குஞ்சங்கள் தொங்க, வண்டி ஒரு பூவரச மரத்தடியில் நின்றது. அச்சைப் பூட்டிச் சில்லுகளை மாட்டினார்கள். நஸீர் ஒவ்வொரு சில்லையும் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். குதிரை கிழட்டு வெள்ளைக் குதிரை. இராசதுரை அதற்குக் கடிவாளமாகக் கட்டியிருந்ததெல்லாம் வலைக் கயிறு.

வல்லியம்மையைப் பாயோடு தூக்கி ஏற்றினார்கள். வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்தவள், நஸீரைப் பார்த்து, "ஊர்வலம் போற வயசா எனக்கு?" என்றாள். சிரிக்க முயன்றவளுக்கு மூச்சு வாங்கியது. கல்முனை வரை நஸீர் வண்டிக்குப் பக்கத்திலேயே சைக்கிளில் வந்தான். கண் முழுவதும் சில்லில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கி உள்ளே போன பிறகு பேரிங் மூடியில் கையை வைத்துப் பார்த்தான். சூடில்லை.

பெற்றோலுக்குச் சீட்டு முறை வந்து ஓட்டோக்கள் மறுபடி ஓடத் தொடங்கும் வரை அந்த வண்டி ஓடியது. வழியில் மருதமுனையில் ஒரு நோயாளி, பாண்டிருப்பில் ஒரு நோயாளி என்று ஏற்றிக்கொண்டு வருவார் இராசதுரை. சில நாள் அவர்கள் சிகிச்சை முடியும்வரை குதிரை நஸீரின் வளவில் நிற்கும். றஹீமா அதற்குத் தண்ணீர் வைப்பாள். வல்லியம்மையும் திரும்பிப் போகும்போது சிலவேளை இறங்கி அவளோடு கொஞ்சம் இருப்பாள். அளந்துதான் குடிக்கலாம் என்பதால் தேநீரில் ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு, மிச்சத்தை றஹீமாவிடமே கொடுப்பாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் வல்லியம்மை வீட்டில் படுத்திருந்தபடியே இறந்துபோனாள். மருந்தும் ஓட்டோவும் கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. உடம்பு இனித் தாங்காது என்று டாக்டர்கள் முன்னரே சொல்லியிருந்தார்களாம். நஸீரும் றஹீமாவும் செய்தி கேட்டதும் போனார்கள். பந்தலின் கீழ் ஆண்களோடு நஸீர் இராசதுரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பறை ஒலித்துக்கொண்டிருந்தது.

றஹீமா உள்ளே பெண்களோடு இருந்தாள். யாரென்று தெரியாத ஒரு வயதான பெண், முக்காடிட்ட இவளைப் பார்த்து, எந்த ஊர், செத்தவளை எப்படித் தெரியும் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி வரும் இடங்களுக்கு றஹீமா இவ்வளவு நாளும் போகாமல் இருந்தாள்.

"ஒரு மகன்" என்றாள். "மவுத்தாப் போயிட்டார்."

அந்தப் பெண் சற்று நகர்ந்து, சுவரில் சாய்ந்துகொள்ள அவளுக்கு இடம் விட்டாள்.