ஒத்துக்கோ மச்சான்

1

இந்தக் கதை என் தலைக்கு மேலிருந்து வந்தது. பெரிதாக ஒன்றும் சொல்ல வரவில்லை. மாடி வீட்டு பால்கனிக்கு நேர் கீழே என் துணிக்கொடி இருக்கிறது, அவ்வளவுதான். சேலையூரில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் துணி உலர்த்தப் போனால், மேலே இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு உலகத்திலேயே பெரிய பகை யாருக்கும் யாருக்கும் என்பதுதான் சண்டை.

எனக்குக் கதைகள் காதில்தான் வரும். முகம் அப்புறம். சிலருக்கு முகம் வருவதே இல்லை. ஆகவே இதில் மூக்கு, மீசை, நிறம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சூரியன் விமானப்படைத் தளத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல—

(வேண்டாம். அந்த நேரத்துக்குச் சூரியன் உச்சியில் இருக்கும். தவிர, எந்தக் கதையிலும் நான் சூரியனை ஒழுங்காக உதிக்க வைத்ததில்லை.)

பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

"இந்தியா பாகிஸ்தான்தான்டா. ஒத்துக்கோ மச்சான்."

"இல்ல."

"மேட்ச்சு அன்னிக்கு ரோட்டுல ஒரு ஆள் கீறானா? இப்பல்லாம் ஆடி முடிச்சிட்டு கைகூட குடுக்காம போறாங்கோ. இதவிட பெரிய பகை இன்னாடா வேணும் உனுக்கு?"

"இல்ல."

"அப்ப எதுதான் பெருசு? வாயத் தொறந்து சொல்லேன்."

"இல்ல."

"சர்யான பேஜார்டா உன்கூட."

அப்புறம் ஒரு சிரிப்பு. முதல் குரலின் சிரிப்பு.

இரண்டாவது குரலுக்கு நான் கஞ்சத்தனமாக வசனம் எழுதியிருப்பதாக நினைக்காதீர்கள். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான்.

2

இரண்டாவது குரல் தாமோதரன். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் மூளையில் ரத்தம் அடைத்து, வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் அவர் கீழே இறங்கவில்லை. எல்லாம் போன இடத்தில் 'இல்ல' மட்டும் தங்கிவிட்டது.

முதல் குரல் டேனியல். மேற்குத் தாம்பரம். இருவரும் பழகியது வீட்டிலோ வேலையிலோ இல்லை, மின்சார ரயிலில். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒரே வண்டி, ஒரே பெட்டி, எதிரெதிர் இருக்கை. தாம்பரத்திலிருந்து கிண்டிவரை ஒரே சண்டை. இப்போது ஞாயிறு தோறும் சர்ச் முடிந்து நேராக இங்கே வருகிறார்.

(டேனியலின் மனைவியைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர் இறந்து நெடுநாள் ஆகிறது. வெறுமை பிடித்த மனிதர் என்று ஆக்கிவிட்டால் நட்பு மருந்து மாதிரி ஆகிவிடும். அது மருந்து இல்லை.)

3

தாமோதரனின் கட்சி சதுரங்கம். இது எனக்கு எப்படித் தெரியும்? அவர் வாதத்தையும் டேனியலே பேசுவார்.

"நீ இன்னா சொல்லுவன்னு தெரியும். ரெண்டு சோவியத்துக்காரன். அஞ்சு மாசம் ஒரே மேஜ, ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கினு. அதுல ஒருத்தன் துரும்பா எளச்சிட்டான். கடசில பாத்தா, முடிவே இல்லாம ஆட்டத்த நிறுத்திட்டாங்கோ. அதான் போட்டின்னுவ. கத்தல் இல்ல, கொடி இல்ல. ரைட்டு. ஆனா யார்ரா பாத்தா அத? ஒங்கப்பன் பாத்தாரா? எங்கப்பன் பாத்தாரா?"

"இல்ல."

"அதத்தான நானும் சொல்றேன்! யாரும் பாக்கல!"

"இல்ல! இல்ல!"

"கோவம் வருது பாரு தொரைக்கு."

எனக்கு எல்.பி.டபிள்யூ என்றால் என்ன என்று இன்றுவரை புரியாது. ஆனாலும் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்று கேட்பேன். 'இல்ல' என்பதை அந்த மனிதர் எத்தனை விதமாகச் சொன்னார்! ஒன்று எரிச்சல், ஒன்று கேலி, ஒன்று 'மேலே பேசு'. ஊரில் எல்லோரும் அவரிடம், குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். டேனியல் ஒருவர்தான் அவரைத் தோற்கடிக்கப் பார்த்தார்.

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அதுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தேட வேண்டாம். டேனியலுக்கு எதிரே உட்கார்ந்து மறுக்க ஓர் ஆள் வேண்டும். உலகத்தில் அந்த ஆள் ஒருவர்தான்.

4

இங்கேயே நிறுத்தியிருந்தால் அழகான சிறிய கதை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் காந்தா படியிறங்கி வந்து என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தாமோதரனின் மனைவி.

"பசிக்குதான்னா இல்லன்றார் அக்கா. சரின்னு தட்ட எடுத்துட்டுப் போனா கை பின்னாலயே வருது. போன மாசம் ஒரு நாள் பூரா பல்வலியோட இருந்திருக்கார். காலையிலேந்து நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன், எங்கயாவது வலிக்குதா, வலிக்குதான்னு. இல்ல, இல்ல. சாயந்தரம் கன்னம் வீங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. இல்ல இல்லன்னுக்கிட்டே அழறார் அக்கா."

மேலே நான் ரசித்த அதே சொல். எழுதுகிறவளுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு வாழ்கிறவளை மறந்துவிடுகிறாள்.

பள்ளிக்கரணையிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வருவாள், ஜெரூஷா. பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். இடது கையால் தொடையில் தாளம் தட்டச் சொல்லி, பாட்டு மாதிரி இழுத்து, 'ஆ... மா... ஆ... மா...' மாடியில் யாரோ பாட்டு கற்றுக்கொள்கிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.* ஜெரூஷாவோடு சேர்ந்து தாமோதரன் சொல்லிவிடுவார். தனியாக வரவில்லை. மூன்று மாதமாக இதே உழைப்பு.

"டேனியல் அண்ணன்கிட்ட மூச்சு விடல அக்கா. அவர் கேட்டு இவர் மொதமொதல்ல ஆமான்னு சொல்லணும். ஜெரூஷாகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். வாராவாரம் வெயில்ல வர்ற மனுஷன். அவருக்கு வேற என்ன குடுக்கப்போறேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கதையில் எல்லாம் உடைவது இந்தச் சிரிப்பில்தான். அப்போது எனக்கும் தெரியாது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

* சுருதி சேரவில்லையே என்றுகூட நினைத்தேன்.

5

அந்த ஞாயிறு. இதை நான் மாற்றி எழுதவில்லை, கேட்டபடியே தருகிறேன்.

"மழ வர்ற மாரி கீது, கெளம்பறேன். கடசியா கேக்கறேன் மச்சான். இந்தியா பாகிஸ்தான். ஒத்துக்கோ."

"ஆமா."

பாத்திரம் ஒன்று தரையில் விழுந்தது. காந்தாவின் ஓட்டம்.

"அண்ணா! கேட்டீங்களா? சொல்லிட்டார்! எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க!"

"ஆமா."

"ஐயோ... இருங்கண்ணா, போயிடாதீங்க, பாயசம் வைக்கிறேன். பால் இருக்கு."

டேனியலின் நடை வாசல் பக்கம் போய், திரும்பி வந்தது.

"என்னண்ணா?"

"நீ சொல்லிக்குடுத்தியாம்மா?"

"நானும் ஜெரூஷாவும். மூணு மாசமா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு..."

"எதுக்கும்மா?"

"எதுக்கா?"

"அவன் எங்கிட்ட ஒருநாளும் ஒத்துக்கினதில்லம்மா. ஒடம்பு அனலா கொதிக்கும்போதுகூட ட்ரெயின்ல வந்து சண்ட போட்டவன். இவன் யாரும்மா? எங்க தாமு இல்ல இவன்."

(இங்கே டேனியல்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பேச்சு திரும்பிய நண்பனைப் பார்த்து இப்படிச் சொல்கிறவன் எப்படிப்பட்டவன்? கொஞ்சம் மென்மையாக்கப் பார்த்தேன். 'ரொம்ப சந்தோஷம்மா' என்று அவர் வாயில் வைத்தேன். வாய் திறக்கவே இல்லை.)

6

இந்த இடத்தில் நீங்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இது எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள். டேனியல் காத்திருக்கவில்லை, அவருக்கே இது அந்த நொடியில்தான் நினைவு வந்தது.

ரயிலில் அவர்களுக்கு ஒரு விதி. வாதத்தில் ஒத்துக்கொண்டவன் எழுந்துவிட வேண்டும். நிற்கிறவர்களில் யாருக்காவது இடத்தைக் கொடுத்துவிட்டு, இறங்கும்வரை நின்றபடி வர வேண்டும். அத்தனை வருடத்தில் இருவரில் ஒருவர்கூட எழுந்ததில்லை. பெட்டியில் அவர்கள் பக்கத்தில் நின்றால் இடம் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒத்துக்கினவன் எழுந்து நிக்கணும் மச்சான். ஞாபகம் கீதா? எழுந்திரு."

நான் சத்தியமாகச் சொல்வேன், அந்தக் குரலில் கொடுமை இல்லை. கெஞ்சல் இருந்தது. எழுந்திரு என்றால் 'இல்ல' என்பான், பழையவன் திரும்பிவிடுவான், இரண்டு பேரும் சிரித்துவிடலாம். அவர் கேட்டது அந்த ஒரு சொல்லை.

நாற்காலிக் கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

7

இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

தாமோதரன் இடது கையை ஊன்றி மெல்ல எழுந்தார். நின்றார். பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்த அவர் கண்களில்—

(பொய். இந்த வரியை எழுதும்போதே கை கூசியது.)

"இல்ல" என்றார் தாமோதரன். டேனியல் விழுந்து விழுந்து சிரித்து—

(இதுவும் பொய். ஆனால் இதை அடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.)

நடந்தது இது. எழுந்தார். பாதி எழுந்திருப்பார். வலது கால் இல்லாததுபோல மடங்கியது. டேனியல் பாய்ந்து பிடித்தார், அவருக்கும் வயது எழுபது, இருவருமாக விழுந்தார்கள். என் தலைக்கு மேல் கூரை அதிர்ந்தது. தாமோதரனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. அது அப்புறம் தெரிந்தது. அப்போது கேட்டதெல்லாம் காந்தாவின் குரல்தான்.

"போங்கண்ணா. தயவு பண்ணி போயிடுங்க. இனிமே வராதீங்க."

காந்தாவை எனக்குப் பிடிக்கும். அதனால் இந்த வசனத்தை ஜெரூஷாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவள் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. சொன்னவள் காந்தாதான், அவளிடமே இருக்கட்டும்.

டேனியல் படியிறங்கும்போது என் வாசலைத் தாண்டித்தான் போனார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து தொங்கியது. "அடி பட்டுதா?" என்றேன். "அவனுக்கு ஒண்ணும் ஆவலம்மா" என்றார். நான் கேட்டது அவரை.

8

அதற்கப்புறம் டேனியல் வரவில்லை. ஞாயிறுகள் கொடியில் துணிபோல வரிசையாக— (அடித்துவிட்டேன்.) வரவில்லை, அவ்வளவுதான்.

காந்தா மறுபடி என் ஸ்டூலில்.

"இப்பல்லாம் பசிக்குதான்னா ஆமான்றார் அக்கா. சாப்பாடு ஒழுங்கா போகுது. தூக்கம்கூட பரவால்ல. ஆனா ஞாயித்துக்கெழம மட்டும் வாசக்கதவயே பாத்துக்கிட்டிருக்கார். டேனியல் அண்ணன் வரணுமான்னு நேத்து கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ரெண்டும் சொன்னார். ஆமா, இல்ல, ஆமா, இல்லன்னு. சொல்லிக்கிட்டே இருந்தார், நான் டீவியப் போடற வரைக்கும்."

அவளும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், டேனியல் எடுக்கவில்லை. எழுதுகிறவள் பேசினால் கேட்பார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. நான் பேசினேன்.

"காந்தா ரொம்ப வருத்தப்படறா. வாங்க."

"தங்கச்சி மேல எனக்கின்னாமா கோவம்? அது சரியாத்தான் சொல்லிச்சு. எழுந்திருன்னு யார் சொன்னா? நாந்தான. கால் வராதுன்னு தெரிஞ்சும் எழுந்தான்மா. ட்ரெயின் விதிய மீறக்கூடாதுன்னு எழுந்தான். உள்ள அவந்தான் கீறான். எனுக்குத்தான் தெரியல."

"அப்ப வாங்களேன். சண்ட வேண்டாம், சும்மா ரெண்டு கேள்வி கேளுங்க. பதில் சொல்றார் இப்ப."

போனில் வெகுநேரம் ரயில் சத்தம். தண்டவாளம் ஓரத்து வீடு.

"கேள்வி கேக்கத் தெரியாதும்மா எனுக்கு. அவங்கிட்ட நா எதையும் கேட்டதே இல்ல. நல்லா கீறியான்னுகூட. சண்டதான் போட்டுக்கினு இருந்தோம்."

9

இதுவரை கேட்டது. இனி எழுதுவது நடக்காதது; நடந்தால் இப்படி நடக்கும் என்று என் காது சொல்வது.

ஒரு ஞாயிறு. டேனியல் படியேறுகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குகிறார். காந்தா கதவைத் திறக்கிறாள். 'வாங்கண்ணா' என்று சொல்ல வாயெடுக்கிறாள். அவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். அனுமதி அவளிடமிருந்து வரவேண்டியது இல்லை. உள்ளே பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறார்:

"மச்சான், எம்மேல கோவமா கீறியா?"

இங்கே என் காது நின்றுவிடுகிறது. எத்தனை தரம் எழுதினாலும் இதற்கு மேல் குரல் வரவில்லை.

தாமோதரனிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'இல்ல' என்றால் மன்னித்துவிட்டார். அல்லது, நாக்கில் எப்போதும் கிடக்கிற சொல் தானாக வந்துவிட்டது. 'ஆமா' என்றால் கோபம். கோபம் என்றால் உள்ளே பழைய தாமு இருக்கிறார், சண்டை மிச்சமிருக்கிறது. அல்லது, மூன்று மாதம் தொடையில் தட்டிக் கற்ற பாடம் அது, அவ்வளவுதான். எது வந்தாலும் டேனியலால் நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது. அவர் கேட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு கேள்வி.

நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். காந்தாவின் பக்கம் ஒரு நாள் இருக்கிறேன், டேனியலின் பக்கம் ஒரு நாள். நீங்கள் இருவரில் யார் வீட்டுக்கும் கீழே குடியிருக்கவில்லை. ஆகவே சொல்லை நீங்கள் போடுங்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம். வாசலில் டேனியல் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டார். இன்னொன்றைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறார்.