எர்சிலியாவின் உதடுகள்

"இத்தாலி என்று ஒரு நாடு இருக்கிற வரைக்கும் எர்சிலியா வெஸ்கோவியின் குரலுக்குச் சாவு கிடையாது!" என்று நடிகர் சங்கத் தலைவர் பொம்பிலி சவப்பெட்டிமேல் கைவைத்து முழங்கினார். மாதா கோயில் தூண்களெல்லாம் அதை ஆமோதித்து எதிரொலித்தன.

முன்வரிசையில் மகள் நீவெஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குரல் அம்மாவுடையதே அல்ல.

நூற்றுப் பத்துப் படம். சமையற்காரி, மாமியார், விதவை, கன்னியாஸ்திரீ மடத்தின் தலைவி. ரோமாபுரியில் அந்த முகத்தைப் பார்த்தால் பஸ் டிரைவரே எழுந்து இடம் கொடுப்பான். ஆனால் வாயைத் திறந்தால் வடக்கே பெர்கமோ மலைப் பேச்சு, சரளைக் கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி. படமெடுத்து முடித்த பிறகு ஒலி சேர்க்கிற காலம் அது. இயக்குநர்கள் முகத்தை மட்டும் அவளிடம் வாங்கிக்கொண்டு, குரலை வேறொருத்தியிடம் வாங்கினார்கள். தொலைக்காட்சியில் தன் படம் வந்தால் அம்மா சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, உருளைக்கிழங்கு உரித்தபடியே எல்லா வசனத்தையும் தானே பேசுவாள். நீவெஸ் ஒருத்தி மட்டுமே கேட்ட நடிப்பு. கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும்.

தலைவர், எர்சிலியாவின் படமொன்றின் வசனம் பதிந்த டேப் ரிகார்டரை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். நீவெஸ் எழுந்து போய் அதைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் தலைவரே. அது எங்கம்மா குரல் இல்ல."

"என்னம்மா சொல்றீங்க? இந்தப் படத்தை நாலு தடவை பார்த்து நாலு தடவையும் அழுதிருக்கேன்!"

"அது வேற பொம்பளைக்கு அழுதது. இன்னிக்காவது எங்கம்மா அடுத்தவ குரல்ல பேச வேணாம்."

"பேச்சுல ஏழு இடத்துல குரல்னு எழுதி வெச்சிருக்கேனே," என்று தலைவர் தன் தாளைப் பார்த்து முனகினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"அந்த வேற பொம்பளை நான்தான். டோஸ்கா."

டோஸ்கா நீவெஸின் பக்கம் திரும்பினாள்.

"உங்கம்மாகூட ஒரு வார்த்தை பேசினதில்லடி. முப்பது வருஷம் இருட்டறைல நின்னு அவ உதட்டையே பார்த்துட்டிருந்தேன். அவ மூச்சிழுக்கிற இடத்துலதான் நானும் இழுக்கணும். கட்டினவன் வாயைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்ல. சொல்ல வேண்டியதையெல்லாம் முகமே சொல்லிடும். எனக்குன்னு அவ மிச்சம் வெச்சது வெறும் வார்த்தைதான். அவ வசனத்தை ஒரு தடவை சொல்லிக்கட்டுமா? வேணாம்னா இப்படியே போயிடறேன்."

நீவெஸ் டேப் ரிகார்டரைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

டோஸ்கா பெட்டிமேல் இருந்த புகைப்படத்தையே பார்த்து நின்றாள், அந்த உதடுகள் அசையட்டும் என்று காத்திருப்பவளைப்போல. பிறகு மூச்சை இழுத்தாள்.

"முதல்ல சூப்பைக் குடிடா. சாவு எங்கயும் ஓடிப்போயிடாது."

அந்தப் படத்திலிருந்து எடுத்து ஊரே சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளிடம் சொல்கிற வசனம். கோயில் முழுக்க உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. தலைவர்கூடத் தாளை மடித்துவிட்டார். பெட்டி தோளேறியதும் அந்த நாட்டு வழக்கப்படி எல்லோரும் கைதட்டி வழியனுப்பினார்கள்.

நீவெஸ் தட்டவில்லை. அம்மா போய் மூன்று நாளாகியும் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் வந்தது.